ஆழ்கடல் பாசிவிலங்குகள்: இனங்காணலும் வகைப்படுத்தலும்

1981ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், இந்திய ஆராய்ச்சிக் கப்பலான 'கவேஷணி' கடலடியிலிருந்து பல்லுலோக உருண்டைகளை முதன்முதலாக மேலே கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு போன்ற தோற்றமுடைய இக்கரிய உருண்டைகளில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகிய உலோகங்கள் அடங்கியுள்ளன. 1987இல் இந்தியா 'முன்னோடி முதலீட்டு நாடு' என்னும் தகுதியைப் பெற்றது. 2002 மார்ச் மாதத்தில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி மத்திய இந்துமாக்கடல் வடிநிலத்தில் 75,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கனிம ஆய்வு நடத்தும் தனியுரிமை நாட்டிற்குக் கிடைத்தது. அப்பரப்பில் சுமார் 38 கோடி டன் உருண்டைகள் உள்ளன என்பது அரசின் மதிப்பீடாகும். 2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஆழ்கடல் இயக்கத்திற்கு ஐந்து ஆண்டுகளுக்கென 4,077 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது.

இவ்வளவு துல்லியமாகக் கனிமம் கணக்கிடப்பட்டுள்ள அதே கடலடியில் வாழும் உயிரினங்களின் கணக்கு இன்னும் முழுமை பெறவில்லை. உருண்டையின் மேற்பரப்பையே வீடாகக் கொண்டு வாழும் சிற்றுயிர்கள் பல. அவற்றுள் எளிதில் கண்ணுக்குத் தப்புவனவும், இனங்காண்பதற்குப் பொறுமை மிக வேண்டுவனவும் பாசிவிலங்குகள் எனப்படும் பிரையோசோவாக்கள் ஆகும். அவற்றின் அமைப்பு, வகைப்பாடு, வாழிடம் ஆகியவற்றையும், அவற்றை இனங்காணும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டாலும், இனங்காணும் பணி நுண்ணோக்கியின் முன்புதான் நடைபெறுகிறது. ஆதலால் கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள மைசூர் போன்ற ஒரு நகரத்திற்கும் இதில் பங்கு உண்டு என்பது இறுதியில் எடுத்துக்காட்டப்படும்.

பாசிவிலங்கு என்பது யாது?

பாசிவிலங்குகள் கூட்டமாக வாழும் முதுகெலும்பற்ற விலங்குகள். கல், சிப்பி, கப்பலின் அடிப்பலகை, கடற்செடி ஆகியவற்றின்மேல் மெல்லிய வெண்படலமாகவோ, சிறு செடி போன்ற கிளைகளாகவோ இவை காணப்படும். பாசியைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வழங்குகிறது. இன்று வாழும் இனங்கள் 6,000க்கு மேற்பட்டவை. புதைபடிவங்களாக அறியப்பட்டவை 15,000க்கும் மேற்பட்டவை. அரியலூர்ப் பகுதியின் கிரிட்டேஷியஸ் காலப் பாறைகளிலும் இவற்றின் படிவங்கள் கிடைத்துள்ளன. எனவே தமிழகத்து மாணவருக்கு இவை முற்றிலும் அயலானவை அல்ல.

ஒரு கூட்டத்தில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் இருக்கும். ஒவ்வொரு சிற்றுயிரும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவினது. அதற்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, சுவரும் அறையும் சேர்ந்த வெளிக்கூடு. மற்றொன்று, அதனுள்ளிருந்து வெளியே நீட்டிக்கொள்ளும் உணர்கொம்பு வளையமும் உணவுக்குழலும். உணர்கொம்புகளின்மேல் உள்ள நுண்மயிர்கள் நீரோட்டத்தை உண்டாக்கி, நீரில் மிதக்கும் உணவுத்துகள்களை வாய்க்குள் சேர்க்கின்றன. ஆபத்து நேர்ந்தால் வளையம் நொடிப்பொழுதில் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும்.

கூட்டத்தின் தொடக்கம் ஒரே ஒரு சிற்றுயிர். நீந்திவரும் இளவுயிரி ஓரிடத்தில் பற்றிக்கொண்டு முதற்சிற்றுயிராக மாறுகிறது. அதிலிருந்து மொட்டுவிடும் முறையில் கூட்டம் வளர்கிறது. பெரும்பாலான கடல் இனங்களின் இளவுயிரிகள் உணவு உட்கொள்வதில்லை. சில மணி நேரத்திற்குள் பற்றுமிடத்தைத் தேடியாக வேண்டும். சில இனங்களின் இளவுயிரிகள் மட்டுமே வாரக்கணக்கில் நீந்தி உணவு உண்டு வாழக்கூடியவை. ஆகவே பாசிவிலங்குகளுள் பலவும் தாம் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் பரவ இயலாதவை. இது பின்னர் கூறப்படும் கனிமப் பிரச்சினையில் முக்கியத்துவம் பெறுகிறது.

ஆராய்ச்சி நடைமுறையில் நினைவில் கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. சிற்றுயிரின் உள்ளுடல் அவ்வப்போது சிதைந்து ஒரு பழுப்பு உருண்டையாகி, பின்னர் அதே அறையில் புதிய உள்ளுடல் தோன்றும். எனவே அறை வெறுமையாக இருப்பதைக் கொண்டு கூட்டம் இறந்துவிட்டது எனக் குறிப்பெழுதுதல் தவறாகும்.

பெயரும் பிரிவுகளும்

இவ்விலங்குத் தொகுதிக்கு இரு பெயர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. அயர்லாந்தின் கார்க் நகரில் பணியாற்றிய மருத்துவரான ஜான் வாகன் தாம்ப்சன் 1830இல் 'பாலிசோவா' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க் 1831இல் 'பிரையோசோவா' எனப் பெயரிட்டார். பழைய ஆங்கில நூல்களும் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் அறிக்கைகளும் முதற்பெயரையே ஆண்டன. இன்று உலகெங்கும் இரண்டாம் பெயரே வழக்கில் உள்ளது. பழைய பட்டியலைத் தேடும் மாணவர் இரு பெயர்களின்கீழும் தேட வேண்டும்.

தொகுதி மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது.

முதலாவது பைலாக்டொலீமேட்டா. இவ்வகுப்பினர் நன்னீரில் மட்டும் வாழ்பவர். வறட்சியையும் குளிரையும் தாங்கும் 'உறங்கு மொட்டு' என்னும் கடினமான சிறு உறைகளை உண்டாக்குவது இவர்தம் சிறப்பு.

இரண்டாவது ஸ்டெனோலீமேட்டா. புதைபடிவங்களில் மிகுந்து காணப்படும் இவ்வகுப்பில் இன்று எஞ்சியிருப்பது சைக்ளோஸ்டொமேட்டா என்னும் வட்டவாய் வரிசை மட்டுமே. சிற்றுயிர்கள் சுண்ணச் சுவருடைய குழாய்கள், வாய் வட்டமானது, மூடி கிடையாது. தாடையற்ற மீன்களுக்கும் இதே பெயர் பாடநூல்களில் வழங்குவதால் மாணவர் குழப்பமடையாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது ஜிம்னோலீமேட்டா. இதில் இரு வரிசைகள் உள்ளன. டெனோஸ்டொமேட்டா எனும் சீப்புவாய் வரிசையினருக்குச் சுண்ணக்கூடு இல்லை, சுவர் மென்மையானது. கைலோஸ்டொமேட்டா எனும் உதட்டுவாய் வரிசையினரின் சிற்றுயிர்கள் பெட்டி போன்றவை. பெட்டியின் வாய்க்குக் கீல் வைத்தாற்போன்ற மூடி உண்டு. இன்று வாழும் பாசிவிலங்குகளுள் மிகப் பெரும்பான்மையானவை இவ்வரிசையைச் சேர்ந்தவையே.

உதட்டுவாய் வரிசையில் வேலைப் பங்கீடும் காணப்படுகிறது. சில சிற்றுயிர்கள் உணவு உண்பதை விட்டுவிட்டு, பறவையின் அலகு போன்று திறந்து மூடும் காப்புறுப்பாக மாறியுள்ளன. இதற்கு அவிகுலேரியம் என்று பெயர். மூடி நீண்ட சவுக்காக மாறிய உறுப்பு விப்ராகுலம் எனப்படும். கருவைத் தாங்கும் குமிழ் போன்ற முட்டையறையும் பல இனங்களில் உண்டு. இம்மூன்றின் வடிவமும் இடமும் இனங்காண்பதில் முதன்மையான சான்றுகளாகும்.

ஆழ்கடலில் வாழிடங்கள்

பாசிவிலங்குகள் கரையோரப் பாறை முதல் 8,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை கிடைத்துள்ளன. ஆழம் கூடக்கூட அவற்றின் உருவமும் வாழ்க்கை முறையும் மாறுகின்றன. ஆழ்கடல் வாழிடங்களை நான்காகப் பகுத்துக் காணலாம்.

கண்டச் சரிவு முதலாவது. இங்குப் பாறைத் துண்டு, சிப்பி, குளிர்நீர்ப் பவளத்தின் உடைசல் ஆகியன பற்றுமிடங்கள். அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் சுமார் 150 மீட்டர் முதல் 1,000 மீட்டர்வரை உயிர்வளி மிகக் குறைந்த நீர்ப்படலம் பரவியுள்ளது. அப்படலம் சரிவைத் தொடும் பகுதிகளில் விலங்கு வாழ்க்கை சுருங்கிவிடுகிறது. எனவே இந்தியச் சரிவில் மாதிரி எடுப்போர் ஆழத்தை மட்டுமன்றி உயிர்வளியின் அளவையும் குறித்தல் இன்றியமையாதது.

கடலடி மலைகளும் முகடுகளும் இரண்டாவது. நீரோட்டம் வலுவாக உள்ள இவ்விடங்களில் உணவு மிகுதியாக வந்து சேரும். கடினத் தளமும் கிடைக்கும்.

சேற்றுச் சமவெளி மூன்றாவது. கடலடியின் பெரும்பரப்பு மென்சேறே. படலமாகப் படரும் இனங்களுக்கு இங்கே பற்றுமிடம் இல்லை. ஆதலால் காம்பும் கிளையும் உடையனவாய், வேரிழைகளால் சேற்றுத் துகள்களைப் பற்றி நிமிர்ந்து நிற்கும் இனங்களே இங்கு ஓங்கியுள்ளன. கைனெட்டோஸ்கியாஸ் என்னும் பேரினம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நீண்ட காம்பின் உச்சியில் கிளைகள் குடைபோல விரிந்திருக்க, அடியில் வேரிழைகள் சேற்றில் ஊன்றியிருக்கும். சேற்றைவிட்டு மேலெழுந்து நிற்பதால் உணவுத் துகள் கிடைக்கும். புதையுண்டு போகும் ஆபத்தும் குறையும்.

கனிம உருண்டைப் பரப்பு நான்காவது. மத்திய இந்துமாக்கடலில் இது 5,000 மீட்டரைக் கடந்த ஆழத்தில் உள்ளது. எங்கும் மென்சேறு பரவிய சமவெளியில் உருண்டையே கடினத் தளம். இந்த ஆழத்தில் நீரின் அழுத்தமும் குளிர்ச்சியும் சுண்ணத்தைக் கரைக்கும் தன்மையை மிகுவிக்கின்றன. இதனால் மேலிருந்து விழும் சுண்ண ஓடுகள் படிவதற்கு முன்னரே கரைந்துபோகின்றன. இத்தகைய இடத்தில் கூடு மென்மையான இனங்களும், சுண்ணம் குறைந்த இனங்களும் வாழ்வது இயல்பே. பசிபிக் மாக்கடலின் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியில் ரஷ்யாவின் ஆய்வுப் பரப்பிலிருந்து எடுத்த உருண்டைகளின்மேல் வட்டவாய், சீப்புவாய் வரிசைகளைச் சேர்ந்த புதிய இனங்கள் கண்டறியப்பட்டு 2018இல் விவரிக்கப்பட்டன. உருண்டையை வெறும் தாதுவாகக் காண்பது போதாது என்பதற்கு இது சான்று.

இனங்காணும் முறை

மாதிரியின் மதிப்பு அது எடுக்கப்படும் நொடியிலேயே நிச்சயிக்கப்படுகிறது. இழுவலை மிகுதியான பொருளைத் தரும். ஆனால் மெல்லிய கிளைகளை உடைத்துவிடும். சேற்றைச் சதுரக் கட்டியாக வெட்டி எடுக்கும் பெட்டிக் கருவி சிறு பரப்பையே தரும். எனினும் உயிர்கள் இருந்த நிலை கலையாது. உருண்டைகள் கப்பல் தளத்திற்கு வந்தவுடன் கழுவப்படுவதற்கு முன் அவற்றின் மேற்பரப்பைக் கைலென்சினால் சோதித்தல் வேண்டும். கழுவிய நீரையும் நுண்சல்லடையில் வடிகட்ட வேண்டும்.

பாதுகாக்கும் திரவத்திலும் கவனம் தேவை. பார்மலின் நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து சுண்ணக்கூட்டை அரிக்கும். மரபணு ஆய்வையும் கெடுக்கும். எனவே செறிவுள்ள எத்தில் ஆல்கஹாலில் இடுவதே நன்று. சீப்புவாய் இனங்களுக்கு உள்ளுறுப்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய வேண்டியிருப்பதால், அவற்றில் ஒரு பகுதியைத் தனியே பதப்படுத்துவர்.

மேசைக்கு வந்த மாதிரியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது பாசிவிலங்குதானா என்பதே. பவளத்தின் கிண்ணத்தில் மையத்தை நோக்கிய ஆரத் தடுப்புகள் காணப்படும். பாசிவிலங்கின் வாயில் அவை இரா. ஹைட்ராய்டு என்னும் விலங்கின் கிளைகளில் பெட்டியறைகளும் மூடியும் கொண்ட கூடு இராது. அதன் உணர்கொம்புகளில் கொட்டும் செல்கள் உண்டு. சுண்ணப் பாசியில் வாய்த்துளைகள் ஒழுங்காக அமைந்திரா. பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், இவ்வேறுபாடு கடற்கரை மாவட்ட அலுவலருக்கும் பயனுடையது.

அடுத்து வரிசையை நிர்ணயித்தல். சுண்ணம் இல்லையேல் சீப்புவாய். குழாயும் மூடியற்ற வட்ட வாயும் இருப்பின் வட்டவாய். பெட்டியும் மூடியும் இருப்பின் உதட்டுவாய். இவ்வளவும் சாதாரண நுண்ணோக்கியால் இயலும்.

பேரினம், இனம் என்னும் அளவிற்குச் செல்ல நுட்பமான சோதனை தேவை. சுண்ணக்கூடுள்ள மாதிரியின் சிறு துண்டைச் சலவைத்தூள் கரைசல் போன்ற சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இட்டால் மென்தசை நீங்கிக் கூடு தெளிவாகும். அதனை அலகிடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, முன்சுவரின் துளைகள், வாயின் வடிவம், முட்கள், அவிகுலேரியத்தின் இடம், முட்டையறையின் அமைப்பு, வேரிழை புறப்படும் இடம் ஆகியவற்றைப் படமெடுப்பர். ஒரே கூட்டத்தில் ஓரத்தில் உள்ள இளஞ்சிற்றுயிரும் நடுவில் உள்ள முதிர்ந்த சிற்றுயிரும் வேறுபட்டுத் தோன்றும். எனவே ஒன்றை மட்டும் அளந்து முடிவு செய்யாமல், பலவற்றை அளந்து சராசரியும் வீச்சும் தருதல் முறையாகும்.

இறுதியில் பழைய மாதிரிகளோடு ஒப்பிடுதல். ஓர் இனத்தின் பெயர் நிலைபெறுவது அதற்கென வைக்கப்பட்ட மூலமாதிரியின் அடிப்படையில்தான். மாதிரியுடன் அகலக்கோடு, நெடுங்கோடு, ஆழம், நாள், கருவி, பற்றியிருந்த பொருள் ஆகிய ஆறு விவரங்களும் இணைந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மாதிரியின் பயன் குறைந்துவிடும்.

பெயரில் பிழை நேர்ந்தால் இழப்பு யாருக்கு?

இக்கேள்விக்குப் புகுலா நெரிட்டினா என்னும் கரையோரப் பாசிவிலங்கின் வரலாறு விடை தருகிறது. துறைமுகங்களில் கப்பலின் அடியில் படியும் இவ்வினத்திலிருந்து பிரையோஸ்டாட்டின் என்னும் வேதிப்பொருள் பிரிக்கப்பட்டது. அதன் அமைப்பு 1982இல் வெளியிடப்பட்டது. புற்றுநோய் ஆய்வில் அது பெரும் ஆர்வத்தை எழுப்பியது. ஆனால் சுமார் 14 டன் பாசிவிலங்கிலிருந்து கிடைத்த பிரையோஸ்டாட்டின் 18 கிராம் மட்டுமே. பின்னர் 1999இல் வெளியான ஆய்வு, கலிபோர்னியாக் கரையில் ஒரே இனமெனக் கருதப்பட்டது உண்மையில் வேறுபட்ட வகைகளைக் கொண்டது என்றும், ஆழநீர் வகையும் மேல்நீர் வகையும் தத்தம் வேதிப்பொருளிலும் வேறுபடுகின்றன என்றும் காட்டியது. தோற்றத்தில் ஒன்றாய் இருந்தவை பயனில் வேறாயின. இனங்காணல் என்பது அருங்காட்சியக அலமாரிக்கு மட்டும் உரிய பணியன்று. பொருளாதார மதிப்பீட்டிற்கும் அதுவே அடிப்படை.

இந்தியாவில் நடைபெற்ற ஆய்வு

இந்துமாக்கடலின் ஆழ்கடல் விலங்குகள் பற்றிய முறையான சேகரிப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பலால் தொடங்கியது. அக்கப்பலில் மருத்துவராகவும் இயற்கை அறிஞராகவும் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஆல்காக்கின் எழுத்துகள் அதனைப் புகழ்பெறச் செய்தன. சேகரிப்புகள் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

பாசிவிலங்குகளைப் பொறுத்தமட்டில் இரு பெண் அறிஞர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. லாரா தார்ன்லி 1905இல் இலங்கை முத்துக்குளிப்பு ஆய்வின்போது கிடைத்த பாசிவிலங்குகளையும், 1907இல் இந்திய அருங்காட்சியகச் சேகரிப்பையும் விவரித்தார். ஆலிஸ் ராபர்ட்சன் 1921இல் வங்காள விரிகுடா முதலிய கீழைக்கடல்களின் சேகரிப்பை விவரித்தார். நன்னீர் இனங்களுக்கு நெல்சன் அன்னண்டேல் 1911இல் எழுதிய நூல் அடிப்படையாக அமைந்தது. அவரே 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சுதந்திரத்திற்குப் பின்னர், கேரளக் கடற்பகுதியை மையமாகக் கொண்டு என்.ஆர். மேனன், என். பாலகிருஷ்ணன் நாயர் முதலியோர் இந்தியப் பாசிவிலங்குகளைப் பற்றிப் பல கட்டுரைகள் வெளியிட்டனர்.

இன்று கொச்சியிலுள்ள கடல்வாழ் உயிர்வள மற்றும் சூழலியல் மையம், 1984 முதல் பணியாற்றும் 'சாகர் சம்பதா' கப்பலைக் கொண்டு ஆழ்கடல் உயிரினங்களைச் சேகரித்து வருகிறது. அதன் 'பவசாகரா' மாதிரிக் காப்பகம் 2025இல் ஆழ்கடல் விலங்குகளுக்கான தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, புதிதாகக் கண்டறியப்படும் இனத்தை இத்தகைய காப்பகத்திற்கு அறிவித்து, அதன் மாதிரியையும் ஒப்படைத்தல் வேண்டும். ஆய்வு மாணவரும் நிதியுதவி வழங்கும் அலுவலரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

கனிமத் திட்டமும் உயிர்ப் பட்டியலும்

கனிமம் எடுக்கும் பொறி உருண்டையை அள்ளும்போது இரு விளைவுகள் ஏற்படும். ஒன்று, பற்றுமிடமே நீங்கிவிடும். உருண்டை பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்வது. எனவே மனிதக் காலக் கணக்கில் அவ்விழப்பு நிரந்தரமானது. மற்றொன்று, கிளறப்பட்ட சேறு மேகம்போல் எழுந்து அக்கம்பக்கத்தில் படியும். நீரை வடித்து உணவு கொள்ளும் பாசிவிலங்கின் உணர்கொம்புகளுக்கு இது பெரும் சுமை. முன்பு கூறியவாறு, இளவுயிரிகள் வெகுதூரம் பரவாத இனங்கள் அழிந்த இடத்தில் மீண்டும் குடியேறுவதும் எளிதன்று.

இதனை முன்னறிந்தே தேசிய கடலாய்வியல் நிறுவனம் 1997இல் மத்திய இந்துமாக்கடலில் ஒரு சோதனை நடத்தியது. சுமார் 5,300 மீட்டர் ஆழத்தில் 3 கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட பட்டையில் சேறு கிளறப்பட்டு, விளைவுகள் அடுத்த ஆண்டுகளில் கண்காணிக்கப்பட்டன. பெரு நாட்டை அடுத்த பசிபிக் பகுதியில் ஜெர்மானியர் 1989இல் உழுத தடங்கள் 2015இல் மீண்டும் சென்று பார்த்தபோதும் தெளிவாகக் காணப்பட்டன. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் 'வராகா' என்னும் கடலடி ஊர்தியை மத்திய இந்துமாக்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் இயக்கிச் சோதித்தது. பொறியியல் முன்னேறிவிட்டது, உயிர்ப் பட்டியல் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பன்னாட்டு விதிகளின்படி, ஆய்வு உரிமை பெற்ற ஒவ்வொரு நாடும் தன் பரப்பின் உயிர்நிலையை அடிப்படை அறிக்கையாகத் தொகுத்தல் வேண்டும். அவ்வறிக்கையில் 'பாசிவிலங்கு, இனம் அறியப்படவில்லை' என்னும் வரி மிகுந்தால், எவ்வினம் அப்பரப்பிற்கே உரியது, எது பிற இடங்களிலும் வாழ்வது என்று கூற இயலாது. எப்பகுதியைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் விளங்காது. முதற்கணக்கில் பெயர் இல்லாத உயிர் இழப்புக் கணக்கிலும் இடம்பெறாது. இக்காரணம்பற்றியே பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் 2013 முதல் 2015 வரை ஜெர்மனி, தென்கொரியா, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் வகைப்பாட்டுப் பயிலரங்குகளை நடத்தியது. 2030க்குள் 1,000 ஆழ்கடல் இனங்களை விவரிக்கும் முயற்சியையும் அது மேற்கொண்டுள்ளது. தேசிய எல்லைக்கு அப்பாற்பட்ட கடல்களின் உயிர்வளம் பற்றிய 2023ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 2024 செப்டம்பரில் கையொப்பமிட்டது. இக்கடமைகள் அனைத்தும் இறுதியில் ஒரு வகைப்பாட்டறிஞரின் மேசையிலேயே வந்து நிற்கின்றன.

மைசூரின் வாய்ப்பு

மைசூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில், மங்களூர்த் துறைமுகத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1956க்கு முன் மைசூர் மாநிலத்திற்குக் கடற்கரை இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதுதான் தென் கன்னட, வட கன்னட மாவட்டங்கள் சேர்ந்து மாநிலம் கடலைத் தொட்டது. 1916இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம் 1968இல் மங்களூரில் முதுநிலைக் கல்வி மையத்தைத் தொடங்கியது. அதுவே 1980இல் மங்களூர்ப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்று கடலோரத்தில் உயர்கல்விக்கு வித்திட்டதற்கு இது முன்னுதாரணம்.

இனங்காணும் பயிற்சியைத் தொடங்கக் கடல் வேண்டுவதில்லை. நாகபுரிக் குளங்களில் ஸ்டீபன் ஹிஸ்லாப் கண்டெடுத்த பாசிவிலங்கிற்கு 1858இல் கார்ட்டர், ஹிஸ்லோபியா லக்குஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டார். அது நன்னீரில் வாழினும் சீப்புவாய் வரிசையைச் சேர்ந்தது. ஆழ்கடல் உருண்டையின்மேல் வாழும் மென்கூட்டினங்களுக்கு வரிசையால் உறவானது. புளூமடெல்லா என்னும் நன்னீர்ப் பேரினம் இந்தியாவில் பரவலாக உள்ளது. மானசகங்கோத்ரி வளாகத்தை அடுத்த குக்கரஹள்ளி ஏரி போன்ற நீர்நிலைகளில், மூழ்கிய குச்சி, செங்கல், தாமரைத் தண்டு ஆகியவற்றின் அடிப்புறம் மாணவர் தேடத்தக்க இடங்களாகும். கரையில் ஒதுங்கும் நுரையை வடிகட்டி உறங்கு மொட்டுகளைத் தேடலாம். அவற்றின் வடிவத்தையும் மேற்பரப்பையும் கொண்டே நன்னீர் இனங்களைப் பிரித்தறிவர். இவ்வாறு கைப்பழக்கமும் கண்பழக்கமும் பெற்ற மாணவருக்கு ஆழ்கடல் மாதிரி ஒரு புதிய பாடமாகுமேயன்றிப் புதிய மொழியாகாது.

அடுத்த நிலையில் மூன்று ஏற்பாடுகள் செய்யத்தக்கவை. கொச்சி, சென்னை, கோவா ஆகிய இடங்களிலுள்ள மத்திய நிறுவனங்கள், தரம் பிரிக்கப்படாத பாசிவிலங்குத் துண்டுகளை உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உரிய பதிவுடன் இரவலாக வழங்கலாம். பல்கலைக்கழகங்கள் தத்தம் பொதுக் கருவியகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கி நேரத்தில் ஒரு பங்கை வகைப்பாட்டு மாணவருக்கு ஒதுக்கலாம். மைசூரில் 1963 முதல் இயங்கும் மண்டலக் கல்வி நிறுவனம் அறிவியல் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதால், நன்னீர்ப் பாசிவிலங்கைச் செய்முறைப் பாடமாகப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல வழியுண்டு. சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999இல் தொடங்கிய வகைப்பாட்டுத் திறன் வளர்க்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம், இத்தகைய கூட்டு முயற்சிக்கு ஏற்கெனவே வழிகாட்டியுள்ளது.

கப்பல் கட்ட எவ்வளவு பொருள் வேண்டும், ஆழ்கடல் ஊர்திக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பவை திட்டங்களில் இடம்பெறுகின்றன. ஒரு வகைப்பாட்டறிஞர் உருவாகவும் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன; அவர் ஓய்வுபெறுமுன் மற்றொருவர் பயிற்சி பெற்றிருக்கவும் வேண்டும். கனிமம் எடுப்பதா, எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்னும் முடிவுகள் வருங்காலத்தில் எடுக்கப்படும்போது, அம்முடிவுகளுக்கு ஆதாரமான பெயர்ப்பட்டியல் இந்திய மாணவர்களால் இந்திய ஆய்வகங்களில் தயாரிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அதற்கான பயிற்சியைத் தொடங்க ஒரு கைலென்சும், ஒரு குளமும், ஓர் ஆசிரியரும் போதும்.